தானே பிரேக் பிடிக்கும் காரும் எங்கள் ஆக்டிங் டிரைவரும்: தக்கலைச் சாலையில் பதினோரு மாதங்கள்

சென்ற ஆவணியில் நாங்கள் வாங்கிய காரில், விற்பனை நிலையத்தார் ‘அடாஸ்’ என்று சொல்லும் ஓட்டுநர் உதவி அமைப்பு இருக்கிறது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு கேமராவும் முன்பம்பருக்குள் ஒரு ரேடாரும் பொருத்தியிருக்கிறார்கள். இவை இரண்டும் சேர்ந்து, முன்னால் போகும் வண்டியைக் கவனித்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். சாலையில் வரைந்திருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருத்தும். மோதல் நேரப்போகிறது என்று கணித்தால் தானே பிரேக் பிடிக்கும். பதினோரு மாதங்களில் 14,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டேன். இன்று பல கார்களில் இந்த அமைப்பு ஏறத்தாழ இதே முறையில்தான் வேலை செய்கிறது, நான் பேச விரும்புவதும் அமைப்பைப் பற்றித்தான்.

இதை வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயாருக்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது. தக்கலையிலிருந்து அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வழியாக 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். மாதத்தில் இரண்டு முறையாவது போய்வர வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்றாலும், சிகிச்சை முடிந்து தளர்ந்திருக்கும் அம்மாவைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஓட்டுவது என் மனதுக்குக் கடினமாக இருந்ததால், எட்டு ஆண்டுகளாக ஓர் ஆக்டிங் டிரைவரை நம்பியே பயணம் செய்துவந்தோம். லாரியில் தொடங்கி, டாக்ஸியில் வளர்ந்து, இருபத்தேழு ஆண்டுகளாக ஸ்டியரிங் பிடித்தவர் அவர். எங்கள் வீட்டில் அவரை அண்ணன் என்றே அழைக்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், “இனி கார்களே தம்மை ஓட்டிக்கொள்ளும் காலம் வரப்போகிறது, இப்போதே பழகிக்கொள்ளுங்கள் அம்மா” என்று சொல்லி இந்தக் காரைத் தேர்ந்தெடுத்தான். டிரைவர் கிடைக்காத நாளில் என்ன செய்வது என்ற கவலை எனக்கும் இருந்தது. கூடுதலாக இரண்டு லட்சம் ரூபாய்க்குமேல் கொடுத்து, இந்த வசதி இருக்கும் உயர்ந்த ரகத்தையே எடுத்தோம்.

விளம்பரத்தைப் பார்த்து வாங்குபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் விற்கும் கார்களில் இருப்பது 2-ஆம் நிலை. ஸ்டியரிங்கையும் வேகத்தையும் இயந்திரம் ஒரே நேரத்தில் கவனித்துக்கொள்ளும், ஆனால் சாலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, நடப்பதற்கெல்லாம் ஓட்டுநரே பொறுப்பு. ஓட்டுநரே தேவையில்லை என்பது 4-ஆம் நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. அதுவும் குறிப்பிட்ட பகுதிக்குள், குறிப்பிட்ட சூழ்நிலையில் மட்டும். இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. என்னிடம் வண்டியைக் காட்டிய இளைஞர் கையை விட்டுவிட்டு ஓட்டிக் காண்பித்தார். அவர் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையிலேயே நல்லது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்பது எங்கள் மாவட்டத்தாருக்குத் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அந்தக் காற்றே காரணம். மேற்கிலிருந்து வீசும் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும்போது, முன்பெல்லாம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துத் தோள் வலிக்க ஓட்டவேண்டியிருந்தது. கோடுகள் தெளிவாக இருக்கும் அந்த இடத்தில் இந்தக் கார், தள்ளும் காற்றுக்கு எதிராகச் சிறுசிறு திருத்தங்களைத் தானே செய்துகொண்டு தடத்துக்குள் நிற்கிறது. காவல்கிணறு தாண்டி மதுரை வரை நான்குவழிச் சாலையில் வேகத்தை 80-இல் வைத்துவிட்டால், முன்வண்டியோடு இடைவெளி விட்டு அது பொறுமையாகப் போகும். நான்கு மணி நேரம் கழித்து இறங்கும்போது கால் மூட்டில் பழைய வலி இல்லை.

ஒருநாள் இரவு பத்தரை மணிக்குக் கயத்தாறு அருகே வந்துகொண்டிருந்தபோது, முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. தொங்கிய வைக்கோல் பின்விளக்குகளை முழுவதும் மறைத்திருந்தது. எதிர்ச்சாலையிலிருந்து வந்த வெளிச்சத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. திரையில் சிவப்பு எழுத்து மின்னி, ஒலி எழும்பி, என் கால் பெடலைத் தேடுவதற்கு முன்பே வண்டி வேகத்தை இழக்கத் தொடங்கியிருந்தது. ரேடாருக்கு வெளிச்சம் தேவையில்லை. தான் அனுப்பிய அலை திரும்பி வருவதை வைத்தே அது தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. அன்று நான் வீடு வந்து சேர்ந்ததற்கு அந்தக் கருவிக்கே நன்றி சொல்கிறேன்.

மனித ஓட்டுநர் தவறுவதையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதத்தில், அண்ணன் ஊரில் இல்லாததால் ஒரு டிராவல்ஸ் மூலம் வேறொரு டிரைவரை அழைத்துச் சென்னைக்குப் போய்த் திரும்பினோம். சாத்தூர் தாண்டி விடியும் நேரத்தில் வண்டி மெல்ல மெல்ல நடுத்தடுப்பை நோக்கிச் சாய்ந்தது. மகன் போட்ட சத்தத்தில் அவர் விழித்தார். ஓரமாக நிறுத்தி, தண்ணீர் கொடுத்துக் கேட்டபோதுதான், முந்தின நாள் சபரிமலைக்கு ஒரு வேனை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி, இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல் எங்கள் வண்டியில் ஏறியிருக்கிறார் என்று தெரிந்தது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. தொடர்ந்து ஓட்டினால்தான் அவருக்குக் கூலி. ஆனால் பின்னிருக்கையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அன்று இந்தக் கார் இருந்திருந்தால், கோட்டைத் தாண்டும்போதே ஸ்டியரிங் அதிர்ந்து அவரை எழுப்பியிருக்கும். ஆகவே, இயந்திரம் வேண்டவே வேண்டாம் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

இனி எங்கள் சாலைக்கு வருகிறேன். விற்பனை நிலையத்தார் சோதனை ஓட்டத்துக்கு அகன்ற, புதிதாகக் கோடு போட்ட சாலைக்கே அழைத்துப் போனார்கள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் சாலை அப்படிப்பட்டதில்லை. வில்லுக்குறிப் பக்கம் மழைநீர் நிறைந்த ஒரு பள்ளத்தைக் கண்டு நான் சட்டென்று வலப்பக்கம் ஒடித்தேன். இண்டிகேட்டர் போட நேரமில்லை. இண்டிகேட்டர் இல்லாமல் கோட்டைத் தாண்டினால் தூக்கத்தில் விலகுகிறோம் என்று இந்த அமைப்பு எடுத்துக்கொள்ளும். எனவே ஸ்டியரிங்கைப் பள்ளத்தை நோக்கித் திருப்பியது. பெரிய விசை இல்லை. கொஞ்சம் அழுத்தினால் என் கை வென்றுவிடும். ஆயினும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து இழுப்பது போன்ற அந்த அரை நொடியில் என் உடல் வியர்த்தது. டயர் பள்ளத்தின் விளிம்பில் இறங்கி ஏறியது. அந்த வாரமே தடம் காக்கும் வசதியை ஊருக்குள் அணைத்துவைக்கக் கற்றுக்கொண்டேன். கோடு அழிந்த இடங்களில் அது தானாகவே செயலிழந்துவிடுகிறது. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது இன்னொரு சுமை.

திருவட்டாறு தாண்டிக் குலசேகரம் போகும் வளைவுகளில் வேறு சிக்கல். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நெருங்கி நிற்கும் குறுகிய வளைவில், எதிரே வரும் மினி பஸ் சில கணங்கள் நம் வண்டிக்கு நேர்முன்னால் இருப்பதுபோலத் தோன்றும். ஓட்டத் தெரிந்த யாருக்கும் அது தன் பக்கத்திலேயே வளைந்து போய்விடும் என்று தெரியும். கார் அதை மோதலாகக் கருதிக் கடுமையாகப் பிரேக் பிடித்துவிட்டது. பின்னால் வந்த டிப்பர் லாரி எங்கள் பம்பருக்கு ஒரு முழம் விட்டு நின்றது. லாரி டிரைவர் இறங்கி வந்து, கோபப்படாமல், “என்ன ஆச்சு, பிள்ளை யாராவது குறுக்க வந்துதா?” என்று கேட்டார். ஒன்றும் இல்லாததற்கு வண்டி நின்றுவிட்டது என்று அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவம் திங்கள்நகர் அருகே நடந்தது. ஒருவர் பைக்கின் இரு பக்கமும் ஏத்தன் வாழைக்குலைகளைக் கட்டிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். குலைகள் ஆளைவிட அகலமாகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. திரையில் அந்த வண்டி தோன்றி மறைந்து தோன்றியது. ஒருமுறை பைக்காகத் தெரிந்தது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. அது மறைந்த நொடியில், வழி காலியாகிவிட்டது என்று நினைத்துக் கார் வேகம் எடுக்கத் தொடங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன்.

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தது, 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரில் நடந்த விபத்து. ஊபர் நிறுவனம் சோதனைக்கு ஓட்டிய தானியங்கிக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின்மீது மோதி அவர் இறந்துபோனார். விசாரணை அறிக்கை சொன்ன விஷயம் என்னை இன்றும் உலுக்குகிறது: மோதலுக்குச் சில நொடிகள் முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன, ஆனால் அவர் வாகனமா, சைக்கிளா, வேறு ஏதேனும் பொருளா என்று மென்பொருள் மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே இருந்தது. கடக்கும் இடம் என்று குறிக்கப்படாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்பதே அதன் கணக்கில் இல்லை. எங்கள் மாவட்டத்தில் குறித்த இடத்தில் கடப்பவர் எத்தனை பேர்? அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர், காரில் கண்காணிப்புக்கு அமர்த்தப்பட்டிருந்த ஊழியர் ஒருவர்தான். நிறுவனத்தின்மீது குற்றவழக்கு பதியப்படவில்லை.

என் தாயாரைப் பொறுத்தவரை, இந்தக் காரின் மிகப் பெரிய குறை வேகத்தடை. வேகத்தை 50-இல் வைத்து முன்வண்டியைப் பின்தொடரச் செய்தால், முன்வண்டி போன பிறகு வேகத்தடை வந்தாலும் எங்கள் கார் அதே 50-இல் அதன்மேல் ஏறும். முன்னால் வண்டி இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. தரையின் மேடு அதன் வேலையில் சேரவில்லை. எங்கள் வழியில் வெள்ளை வண்ணம் பூசாத, அறிவிப்புப் பலகை இல்லாத தடைகள் பல. முதல் தடவை அம்மா எழுப்பிய முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் ஓட்டும்போது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், எந்த ஆலயத்தின் வளைவுக்கு அப்பால் தடை இருக்கிறது என்பது அவர் காலுக்குத் தெரிந்திருக்கும். பிரேக்கில் பாதம் பதிவதே தெரியாமல் வண்டி தளர்ந்து, முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் இறங்கும். “பைய போவோம் டீச்சர், அம்மைக்கு நோவும்லா” என்று முதல் நாள் சொன்னவர், அதன் பிறகு ஒருநாளும் அதைச் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

அவரிடம் நான் கற்ற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆனி மாத மழையில் அழகியமண்டபம் சந்திப்பை நெருங்கிக்கொண்டிருந்தோம். முன்கேமரா மழையில் மங்கி, வசதிகள் தற்காலிகமாக இல்லை என்று திரையில் எழுத்து வந்திருந்தது. கடை ஓரத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அண்ணன் வேகத்தைக் குறைத்தார். “டீச்சர், மழை விடல, அந்த அக்கா குடைய மடக்குதாவ பாத்தீளா? ஓடிக் கடக்கப் போறாவ” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டார். கருவி நன்றாக வேலை செய்திருந்தாலும், அவர் சாலையில் இறங்கிய பிறகே அவரைக் கணக்கில் எடுத்திருக்கும். கொட்டும் மழையில் ஒருவர் குடையை ஏன் மடக்குவார் என்பதை அறிய, தானும் மழையில் நனைந்து சாலையைக் கடந்தவராக இருக்க வேண்டும்.

அப்படியானால் தானியங்கிக் கார்கள் மனித ஓட்டுநர்களின் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமா? இந்தக் கேள்வியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம், 64,105. இந்தச் சாவுகளைக் குறைக்கும் ஒரு கருவியை, பழக்கம் கெட்டுவிடும் என்பதற்காக மறுப்பது பாவம். கூகுளில் 2009-இல் தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்த வேமோ நிறுவனம், 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாத டாக்ஸியைப் பொதுமக்களுக்குத் திறந்தது. முன்கூட்டியே துல்லியமாக வரைபடமாக்கிய பகுதிக்குள், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லிடார் கருவி கூரையில் சுழல, கேமராக்களும் ரேடார்களும் நாலாபுறமும் பார்க்க, அது ஓடுகிறது. அதை நான் மதிக்கிறேன். அதே சமயம் 2023 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதித் தூக்கி எறிந்த ஒரு பெண், க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் காரின் முன் வந்து விழுந்தார். அவர்மீது மோதி நின்ற அந்தக் கார், ஓரத்தில் ஒதுங்கவேண்டும் என்ற தன் விதிப்படி மீண்டும் நகர்ந்து, அடியில் சிக்கிய அவரை ஏறத்தாழ 20 அடி இழுத்துச் சென்றது. அந்த நிலையில் எந்த மனிதரும் முதலில் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார்.

2023 டிசம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, 70 முதல் 80 லட்சம் பேரின் வேலை போய்விடும் என்ற காரணத்தைச் சொல்லி, ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவுக்குள் அனுமதிக்கமாட்டேன் என்றார். அந்த அக்கறை நியாயமானது; எங்கள் அண்ணனின் இரண்டு பெண்பிள்ளைகளும் அவர் ஓட்டும் கூலியில்தான் படிக்கிறார்கள். ஆனாலும் வேலை என்ற ஒரே காரணத்தோடு பேச்சை முடித்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். 2022-இல் இறந்தவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவர்களைக் காக்க வேண்டுமென்றால், வசதியுள்ள குடும்பத்தின் காரிலிருந்து டிரைவரை இறக்கிவிடுவதால் பயன் இல்லை. பைக்குகளுக்குப் பின்னால் வரும் டிப்பர் லாரியிலும் பேருந்திலும் தானியங்கிப் பிரேக் வேண்டும்; கண் அயரும் டிரைவரை எழுப்பும் கருவி வேண்டும். 2025-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு அறிவிப்பு ஒன்று, பேருந்துகளிலும் லாரிகளிலும் இவற்றைக் கட்டாயமாக்க முன்மொழிந்தது. என் காரில் இரண்டு லட்சம் கூடுதல் கொடுத்து நான் வாங்கிய பாதுகாப்பு, சபரிமலைக்குப் போய்த் தூங்காமல் திரும்பும் அந்த வேன் டிரைவருக்கே முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூடவே, தூங்காதவரை வண்டியில் ஏற்றாத டிராவல்ஸ்காரர்களும் வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் செலவு பற்றியும் ஒரு வார்த்தை. டிப்பரிலிருந்து தெறித்த ஒரு கல்லால் என் முன்கண்ணாடி கீறிவிட்டது. கண்ணாடியை மாற்றினால், அதன்மேல் இருக்கும் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். இதை வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கான கருவி அந்த நேரத்தில் உள்ளூர் சர்வீஸில் இல்லாததால் வண்டி ஒன்பது நாள் நின்றது. காப்பீட்டில் இந்தச் செலவு சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனை ஓட்டத்தையும் அவர்கள் காட்டும் சாலையில் செய்யாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு, பள்ளி விட்ட நேரத்தில், நீங்கள் தினமும் போகும் சாலைக்கே வண்டியைக் கொண்டுபோங்கள். தானியங்கிப் பிரேக் இருக்கும் ரகம் உங்கள் கைக்கு எட்டினால் அதையே எடுங்கள். தடம் காக்கும் வசதிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

திருவனந்தபுரத்துக்கு இப்போதும் அண்ணன்தான் ஓட்டுகிறார். விடிகாலை நாலரைக்கு வந்து, அம்மாவின் தலையணையைச் சரிசெய்து, வண்டியைக் கிளப்பியதும் தடம் காக்கும் வசதியை அவரே அணைத்துவிடுகிறார். பிரேக் வசதியில் கைவைப்பதில்லை. மதுரைக்குப் போகும் நாட்களில், காவல்கிணறு தாண்டியதும் அந்தப் பொத்தானைத் தானே மறுபடி அழுத்திக்கொள்கிறார்.